ஊதச் சொன்ன நேரமும் எழுதிய நேரமும்

குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகள் எந்தப் பிழையில் விழுகின்றன என்று மூன்று பேர் எழுதியது இது.

முதலாமவர்: என் மைத்துனர் மேல் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. ரிப்போர்ட்டில் வண்டியை நிறுத்திய நேரம் 11.40. ஊதும் கருவி தந்த சீட்டில் 11.46. இந்த இடைவெளியைத்தான் வக்கீல் பிடித்துக்கொண்டார். ஊதவைப்பதற்கு முன் குறைந்தது 15 நிமிடம் ஆளைக் கண்ணெதிரே வைத்திருப்பது பரவலான நடைமுறை. அதற்குள் ஏப்பமோ வாந்தியோ வந்தாலும், மவுத்வாஷால் வாய் கொப்பளித்தாலும், வாயில் தங்கிய ஆல்கஹால் மூச்சோடு கலந்து அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். ரிப்போர்ட்டிலோ '15 நிமிடம் கவனித்தேன்' என்று ஒரு வரி, வழக்கமாக எல்லாருக்கும் எழுதுவது போல. குறுக்கு விசாரணையில் அந்த வரியையும் சீட்டையும் சேர்த்து நீட்டினார் வக்கீல். கூண்டில் நின்ற போலீஸ்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் வரவில்லை. அந்த அளவை நீதிபதி கணக்கில் எடுக்கவில்லை. (மைத்துனர் குடித்தாரா? குடித்தார். அதற்கு வீட்டில் தனி விசாரணை நடந்தது.)

இரண்டாமவர்: நான் செவிலியர். இப்படிப்பட்ட வழக்குக்காக ஆல்கஹால் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலே கேள்வி வரும், அதனால் ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினிதான். அதைவிடத் தலைவலி குழாய். சோடியம் ஃப்ளோரைடு போட்ட குழாயில் எடுத்துக் குளிரில் வைக்காவிட்டால், நுண்ணுயிர்கள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து உள்ளேயே ஆல்கஹால் உண்டாக்கலாம். மாதிரியை வாங்க வந்த காவலர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு அறுந்தால், இது யாருடைய ரத்தம் என்றே கேட்பார்கள்.

மூன்றாமவர்: ஓய்வுபெற்ற போலீஸ்காரன் எழுதுகிறேன். எல்லாப் பிழைக்கும் வழக்கு விழாது. பெயரில் எழுத்துப்பிழை, வண்டி நிறம் மாறியது, இதெல்லாம் திருத்தத்தோடு போய்விடும். ஆள் தள்ளாடியதும் வண்டி தடம் மாறி ஓடியதும் கேமராவில் இருந்தால், சீட்டு போனாலும் வழக்கு நிற்கலாம். எங்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் கருவியைச் சரிபார்த்த பதிவேடுதான். கருவி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று காட்டத் தாள் இருக்காது. அப்புறம் ஒற்றைக்காலில் நிற்கவைக்கும் சோதனை. தரை சரிவா, சரளையா, ஆளுக்கு முட்டிவலி உண்டா, என்ன செருப்பு போட்டிருந்தார் என்று நாங்கள் யாரும் எழுதுவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதே அதைத்தான்.