பிறப்பிலேயே வலக்கை நரம்பில் காயம்: பத்தாம் வகுப்பில் தோள்வலி, பொதுத்தேர்வு, இடக்கைப் பழக்கம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கெடிலக்கரை மாணவி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 15, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நான் பிறந்தபோது தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டதாம். என்னை வெளியே எடுக்கையில் வலக்கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தருகே இழுபட்டுவிட்டன என்று அம்மா சொல்வார். என் பழைய மருத்துவக் கோப்பில் எர்ப் வாதம் என்று எழுதியிருக்கிறது. விரல்கள் நன்றாக அசைகின்றன, பிடிமானமும் இருக்கிறது. ஆனால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. முழங்கை முழுதாக நீளாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியாது. ஐந்து வயது வரை பிசியோதெரபிக்குப் போனோம். இனி இவ்வளவுதான், பழகிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னதோடு நிறுத்திவிட்டோம்.

கடந்த ஓராண்டில் நான் மளமளவென்று உயரமாகிவிட்டேன். அதிலிருந்து வலது தோள் மாலையில் வலிக்கிறது, சீருடைக்கு மேலே தெரியும் அளவுக்குத் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. போன வருடம் வரை இரட்டைப் பின்னலில் ஒன்றை நானே பின்னிக்கொள்வேன். இப்போது விரல் காதுவரை எட்டுவதில்லை. நரம்பு மறுபடியும் கெடுகிறதா என்று பயமாக இருக்கிறது.

எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் இடக்கையால்தான். கணக்குத் தேர்வில் ஸ்கேலை அழுத்திப் பிடிக்க வலக்கைக்குப் பலம் போதாமல் அது நழுவி, ஒரே முக்கோணத்தை மூன்று முறை அழித்து வரைந்தேன். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே நேரமில்லை. கூடுதல் நேரம் கேட்கலாமா என்றதற்கு, விரலெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கோயிலில் விபூதிக்கு இடக்கையை நீட்டினால் பின்னால் நிற்பவர்கள் அதட்டுகிறார்கள். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று என்னை ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் என் பிறப்புக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நான் கையை நீட்ட வேண்டுமா?

பதில் 1: பிசியோதெரபிஸ்ட், புதுச்சேரி

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. பிறக்கும்போது ஏற்பட்ட நரம்புக் காயம் அன்றோடு நின்றுபோன காயம். அது நாளாக ஆக வளரும் நோய் அன்று. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்களில் மேலே இருப்பவை இழுபட்டால், கையைத் தூக்கும் தசையும், வெளிப்பக்கம் திருப்பும் தசையும், உள்ளங்கையை மேலே புரட்டும் தசையும் பலம் இழக்கும். கீழ் வேர்கள் தப்பிவிட்டதால் உங்கள் விரல்கள் வேலை செய்கின்றன. 1874ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் பெயரால்தான் இது எர்ப் வாதம் எனப்படுகிறது.

அப்படியானால் இப்போது ஏன் வலிக்கிறது? கையை உள்பக்கம் இழுக்கும் தசைகளுக்குப் பலம் இருக்கிறது, எதிர்ப்பக்கத் தசைகளுக்கு இல்லை. வடம் இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஆள் நிற்பது போலப் பதினைந்து ஆண்டுகளாக அவை இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. வளர்ச்சி வேகம் எடுக்கும் இந்த வயதில் எலும்பு சட்டென்று நீள்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. தோள்மூட்டு திரும்பாத குறையைத் தோள்பட்டை எலும்பு தன் அசைவால் ஈடுகட்டப் பார்ப்பதால்தான் அது துருத்துகிறது. நாள்பட்ட இழுப்பால் மூட்டின் பந்தும் கிண்ணமும் வடிவம் மாறியிருக்கவும் கூடும். அதைக் கையால் தொட்டுப் பார்த்தும், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் எடுத்தும்தான் சொல்ல முடியும். ஆகவே ஐந்து வயதில் மூடிய கோப்பை இப்போது திறந்தே ஆக வேண்டும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே எலும்பு மருத்துவப் பிரிவிலோ மறுவாழ்வு மருத்துவப் பிரிவிலோ காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரலாம் என்பதால் சொல்கிறேன். நரம்பையே ஒட்டும் அறுவை சிகிச்சை கைக்குழந்தைப் பருவத்துக்கு உரியது, ஏனென்றால் நரம்புத் தொடர்பு அறுந்த தசை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடுகிறது. உங்கள் வயதில் பெரும்பாலும் பேசப்படுவது, மேற்கை எலும்பைக் குறுக்கே வெட்டி, வெளிப்பக்கமாகச் சற்றுத் திருப்பி, தகடு வைத்துப் பொருத்தும் முறை. அதில் கை தலைக்கும் வாய்க்கும் சுலபமாகப் போகும், ஆனால் வெளிப்பக்கம் கிடைக்கும் அசைவு உள்பக்கத்திலிருந்து எடுக்கப்படுவதால், வயிற்றையும் இடுப்பையும் தொடுவது முன்பைவிடச் சிரமமாகலாம். பாவாடை நாடா கட்டுவது, கழிப்பறையில் கையைப் பயன்படுத்துவது போன்றவற்றை வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு, வீட்டில் ஒரு பயிற்சி செய்யலாம். வெந்நீரில் பிழிந்த துண்டைத் தோளில் சிறிது நேரம் போட்டுவிட்டு, மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு கையால் தோள்பட்டை எலும்பை நகராமல் அழுத்திப் பிடித்து, மறுகையால் உங்கள் முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்து, இழுவிசை தெரியும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்த வேண்டும். தோள்பட்டையைப் பிடிக்காமல் செய்தால் அதுதான் நகரும், மூட்டு நகராது. பல வீடுகளில் ஆண்டுக்கணக்காகச் செய்தும் பலன் இல்லாமல் போவது இதனால்தான். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும். ஆனால் சொடக்கு எடுத்துச் சரி செய்கிறேன் என்று யாரேனும் தோளைப் பிடித்து இழுக்க வந்தால் விடாதீர்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், மஞ்சக்குப்பம்

விரல் நன்றாக இருக்கிறது என்பது உன் கோரிக்கைக்குப் பதில் ஆகாது, பிள்ளை. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நடக்காது, இப்போதே எழுதிக் கொடு. உனக்குத் தேவை நேரம் மட்டும்தான் என்று தோன்றுகிறது. கிடைக்கிறதே என்பதற்காக மொழிப்பாட விலக்கையும் சேர்த்து வாங்காதே. உனக்கு எழுத வருகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வியில் 5 விழுக்காடும் அரசு வேலையில் 4 விழுக்காடும் இடம் ஒதுக்குகிறது; அதற்கு ஊனம் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அளவு அதற்குக் கீழே வந்தாலும் தேர்வறை உதவி கேட்கும் வழி அடைபட்டுவிடாது. எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு 40 விழுக்காடு என்ற கோட்டைக் காட்டி, சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது; அதைத் தொடர்ந்து 2022இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. எனவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடு.

ஸ்கேலுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக வெட்டி ஸ்கேலின் அடியில் ஒட்டிவிட்டால், மேலே விரல் நுனி பட்டாலே நகராது. விடைத்தாளைப் பரீட்சை அட்டையில் மேலும் கீழும் இரண்டு கிளிப் போட்டு இறுக்கிக்கொள். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இதைச் செய்து கொடுத்தேன், வட்டமும் தொடுகோடும் பிசகாமல் வரைந்தான்.

பதில் 3: அரியாங்குப்பம் அக்கா

தங்கைக்கு, எனக்கு 27 வயது, எனக்கும் வலக்கைதான். உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் பதினைந்து வயதில் நானும் அதையே கேட்டேன், யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பிறப்புக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்வது ஒரே வாக்கியம்: என் வலக்கை திரும்பாது. கையை நீட்டுவதற்கு முன்பே, சாதாரணக் குரலில் சொல்லிவிடுவேன். முதல் முறை அப்படிச் சொன்னபோது குருக்கள் ஒரு கணம் என் கையைப் பார்த்தார். பிறகு தட்டில் கிடந்த வெற்றிலையை எடுத்து, அதில் விபூதியை வைத்து, என் இடக்கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். பின்னால் இருந்தவர்களும் எதுவும் பேசவில்லை. கதை முழுவதையும் கேட்கத் தகுதியானவர்கள் யார் என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்.

பந்தியில் நான் வரிசையின் இடது ஓரத்தைத் தேடிப் போய் உட்காருவேன். நடுவில் உட்கார்ந்தால் என் இடது முழங்கை பக்கத்திலிருப்பவர் வலக்கையில் இடித்து, ரசம் இலை தாண்டி ஓடும். ஆனால் உன்னை முகச்சுளிப்புக்குப் பயந்து ஓரத்துக்கு அனுப்பினார்கள் என்பது என் மனத்தை அறுக்கிறது. அடுத்த முறை அவர்கள் சொல்வதற்கு முன் நீயே ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடு.

என் பள்ளிக்கூடக் குழுப் படங்கள் எல்லாவற்றிலும் என் வலது தோள் இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் 1859இல் இதே காயத்தோடு பிறந்தவர், அவருக்கு இடக்கை. வாள் பிடியின் மேல் கையை வைத்தோ கையுறையைப் பிடித்தோ அந்தக் கை குட்டையாக இருப்பதை மறைத்துத்தான் படங்களில் நிற்பார். பேரரசருக்கே அந்தக் கூச்சம் இருந்தது என்றால், துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொள்ளும் நாட்களுக்காக நீ உன்னைக் கடிந்துகொள்ளாதே.

பின்னலுக்கு ஒரு வழி உண்டு. பீரோவின் நடுத்தட்டில் வலது முழங்கையை ஊன்றி, தலையைக் கைப்பக்கம் சாய்த்துக்கொள். கையைத் தூக்கி நிறுத்தும் வேலையைத் தட்டு செய்துவிடும், விரல்கள் பின்னும். சுடிதார் போடும்போது வலக்கையை முதலில் நுழை, கழற்றும்போது அதைக் கடைசியில் எடு.

பதில் 4: ஒரு தாய், கடலூர் முதுநகர்

என் மகனுக்கு 11 வயது, அவனுக்கும் இதே கை. கருவுற்றபோது எனக்குச் சர்க்கரை இருந்தது, அவன் 4.3 கிலோ எடையோடு பிறந்தான். நீ அதிகம் சாப்பிட்டதால்தான் குழந்தை பெரிதாகிவிட்டது என்று பிரசவ அறையிலேயே ஒருவர் சொன்னார், அந்தச் சொல்லை நான் பல ஆண்டுகள் சுமந்தேன். குழந்தையின் தோள் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறிய முடியாது என்றும், குழந்தையின் உயிரைக் காக்கச் சில நிமிடங்களே இருக்கும் என்றும் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். பயிற்சியை ஏன் நிறுத்தினாய் என்று உன் அம்மாவிடம் கேட்பதாக இருந்தால், அவர் அழுதாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேள், மகளே.

கெடிலக்கரை மாணவி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் கேட்டேன். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து என் பழைய கோப்பை எடுத்து வந்தார். பிறந்த மூன்றாம் மாதம் எழுதிய தாள்கள்கூட மடிப்புக் கலையாமல் இருந்தன. நிறுத்தியதற்குக் காரணம், அப்போது அப்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. எனக்கு இதுவரை தெரியாது. திங்கட்கிழமை ஜிப்மருக்குப் போகிறோம். தலைமையாசிரியைக்கு விண்ணப்பமும் எழுதிவிட்டேன். அக்கா, பீரோ தட்டில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். விரல் காதைத் தொட்டது, ஆனால் பின்னலைப் பிடிக்க இன்னும் எட்டவில்லை.

அரியாங்குப்பம் அக்கா:

தட்டில் இரண்டு தடித்த பாடப்புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் முழங்கையை வைத்துப் பார். வலித்தால் ஒரு புத்தகத்தை எடுத்துவிடு. திங்கட்கிழமை முதல் பேருந்திலேயே கிளம்பிவிடுங்கள், பதிவு வரிசை காலையிலேயே நீண்டுவிடும். அந்தப் பழைய கோப்பை மறக்காமல் கொண்டு போ. முதல் ஆண்டில் கை எப்போது மடங்கத் தொடங்கியது என்பதை மருத்துவர் கட்டாயம் கேட்பார்.