மறு: பட்டைவில்லை அச்சுக்கு மேலே மாற்றுவதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். வண்டியைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கை அச்சுக்கு (ஆக்சிலுக்கு) அடியிலிருந்து மேலே மாற்றும் வேலைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு, இப்படி எழுதியிருந்தீர்கள்:

> "இலைச்சுருள் உயர்த்தம்" என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. சுருள் என்றால் சுருண்டிருக்க வேண்டும். பக்கியின் பின்புறம் இருப்பவையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, லேசாக வளைந்த எஃகுப் பட்டைகள். (பக்கி என்றதும் சென்னைக்காரர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர். டர்பனில் யாரையும் பக்கிக்காரர் என்று சொல்லலாம், அடிக்க வர மாட்டார்.) இலை என்பதும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்த இலைதான். நம் ஊரில் வில்வண்டி ஓடிய காலத்திலேயே இந்தச் சாமானுக்குப் பெயர் இருந்தது. குலுங்காமல் போக அடியில் வில் வைத்ததால்தானே அது வில்வண்டி? லாரிப் பட்டறையில் பட்டை என்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பட்டைவில் என்றால் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

என் பெரிய தகராறு "உயர்த்தம்" மேல்தான். வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தப் பல வழிகள் உண்டு. வில்லின் பின்முனையைச் சட்டத்தோடு கோக்கும் ஷேக்கிளை நீளமாக்கலாம். அதை 2 அங்குலம் நீட்டினாலும் வண்டி ஏறத்தாழ 1 அங்குலம்தான் ஏறும், முன்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறதே. அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே கட்டை கொடுத்து நீளமான யூ-போல்ட்டால் இறுக்கலாம். அடுக்கில் இன்னொரு பட்டை செருகலாம். எல்லாமே உயர்த்தம்தான். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. சில பழைய வண்டிகளில் வில் அச்சுக்கு அடியில் தொங்கும். அதைக் கழற்றி அச்சின் தலைமேல் உட்கார வைத்தால், அச்சுக் குழாயின் விட்டமும் வில்லடுக்கின் தடிமனும் சேர்ந்து வண்டி ஒரேயடியாக 5, 6 அங்குலம் எழும்பிவிடும். ஆகவே பெயர் உயரத்தைச் சொல்ல வேண்டாம், வில் இருக்கும் இடத்தைச் சொல்லட்டும்: கீழ்வில், மேல்வில். மாற்றும் வேலைக்கு வில்லேற்றம்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பக்கி. வேறெங்கோ தூக்கிவிட்ட வண்டி. வேலைச்சீட்டில் "லிஃப்ட்" என்று ஒரே ஒரு சொல். பாரம் ஏற்றிக்கொண்டு ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் போட்டால் மூக்கு மட்டும் குத்துகிறது, வண்டி நிற்பதில்லை என்றார் உரிமையாளர். கட்டை வைத்திருப்பார்கள் என்று நினைத்துக் குனிந்தேன், மேல்வில்! வில் உட்காரும் மணையைப் பற்றவைத்தவர் (பெர்ச்சுக்கு மணை என்று நானே வைத்துக்கொண்டேன்) பினியன் கோணத்தை (எஞ்சின் பக்கமிருந்து வரும் சுழல்தண்டு பின் அச்சில் சேரும் கோணம்) சரிபார்க்கவில்லை. பிரேக் ஹோஸ் தந்திக்கம்பி போல விறைத்து நின்றது. அதைவிட மோசம், சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும். அச்சோடு இணைந்த கம்பி அதை வால்வுக்குச் சொல்லும். வால்வு அழுத்தத்தைத் திறந்துவிடும். வண்டியைத் தூக்கியவர்கள் கம்பியின் நீளத்தை மாற்றவில்லை. பின்னால் ஒரு டன் மணல் இருந்தாலும் காலி வண்டி என்றே அந்த வால்வு நம்பிக்கொண்டிருந்தது. சீட்டில் மேல்வில் என்று எழுதியிருந்தால் முதலில் கம்பியைத்தான் பார்த்திருப்பேன். அரைநாள் மிச்சமாகியிருக்கும்.

டர்பனிலிருந்து

-----

தம்பிக்கு,

> மாற்றும் வேலைக்கு வில்லேற்றம்

என் சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நேரே சீதை கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். மேல்வில் மாற்றம் என்றே இருக்கட்டும்.

மேல்வில், கீழ்வில் இரண்டும் பிடித்திருக்கின்றன. ஆனால் எதற்கு மேல்? அச்சு என்று எழுதினால் இங்கே பிள்ளைகளுக்கு முறுக்கு அச்சுதான் தெரியும். இருசு என்ற சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்து மாட்டுவண்டிக் கதை சொல்லும்போது "இருசு ஒடிஞ்சு போச்சு" என்பார். கப்பலேறி வந்தும் கரையாத சொல். முழுப்பெயர் "இருசுமேல் வில்" என்று வையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

-----

அக்கா,

வில்லேற்றத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சீதை கல்யாணம் எனக்குத் தோன்றவே இல்லை.

இருசு அருமையான சொல்தான், ஆனால் பட்டறையில் நான் சொன்னால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அதனால் சொல்பட்டியலில் "இருசுமேல் வில்", வேலைச்சீட்டில் "மேல்வில்". கட்டை வைத்து உயர்த்தியதைக் "கட்டையேற்றம்" என்று தனியாக எழுதுவோம், இரண்டும் குழம்பாது.

ஷேக்கிள் இன்னும் பாக்கி. ஊஞ்சல் என்று வைக்க ஆசை. பாரம் ஏறி இறங்கும்போது பட்டைவில் நீண்டு சுருங்க, அது முன்னும் பின்னும் ஆடுவதை அடியில் படுத்துப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். மறுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.