கேபிள் நெட்வொர்க் மாறுவது உறுதி. சரக்கு விற்பவனுக்கு லாபம் உறுதியா?

மாதவரம் மணி:
அமெரிக்க கேபிள் கம்பெனிகளுக்கு இனி வேறு வழியில்லை. ஒரு பக்கம் வீடு வரைக்கும் ஃபைபர் இழுக்கிறவன், இன்னொரு பக்கம் 5ஜியில் வீட்டு இணையம் விற்கிறவன். நடுவில் காம்காஸ்ட், சார்ட்டர் இரண்டிலும் சந்தாதாரர்கள் கழன்றுகொண்டே இருக்கிறார்கள். நெட்வொர்க்கை மாற்ற 550 கோடி டாலர் என்று சார்ட்டர் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அது யாராவது ஒருத்தன் கல்லாவில் விழுந்துதானே ஆகணும்? இந்த வேலைக்குக் கருவியும் சாஃப்ட்வேரும் விற்கிற ஹார்மோனிக் கம்பெனியின் பங்கை இரண்டு தவணையாக வாங்கிப் போட்டிருக்கிறேன். திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

பழைய பங்காளி:
முதல் ஆள் நான். 2000இலும் இதே பாட்டுதான் தம்பி. இணையம் பெருகும், கண்ணாடி இழை இல்லாமல் நடக்காது என்றார்கள். இரண்டும் பலித்தது. ஆனால் அந்த வருஷம் 100 டாலரைத் தாண்டிய இழைக் கம்பெனி கார்னிங், 2002இல் 2 டாலருக்கும் கீழே. சரக்கு வாங்கிய கேபிள்காரன் அடெல்ஃபியாவும் 2002இல் திவால். அப்போது நியூ ஜெர்சியில் இருந்தேன். கார் வாங்க வைத்திருந்த காசை ஒரு லேசர் கம்பெனியில் போட்டேன். மிஞ்சியது டயருக்குக்கூடக் காணவில்லை.

கணக்கு டீச்சர்:
அடெல்ஃபியாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் சார். அது கவிழ்ந்ததில் மோசடிக்குப் பெரிய பங்கு. நிறுவனரே குற்றவாளி என்று 2004இல் தீர்ப்பானது. கார்னிங் உதாரணம் செல்லும்.

கம்பத்துக்காரன்:
டெக்சாஸில் இந்த வேலையில்தான் இருக்கிறேன். எல்லாரும் இழையைப் பற்றியே பேசுகிறீர்கள். இழை தெருமுனை வரை எப்போதோ வந்தாச்சு. கம்பங்களுக்கு நடுவே கம்பியில் ஒரு அலுமினியப் பெட்டி தொங்கும், நோடு என்போம். அது வரை ஒளி, அங்கிருந்து வீட்டுக்கு கோஆக்சியல் என்கிற செம்புக் கேபிள். இப்போது மூடியைத் திறந்து, அனலாக் லேசர் மாட்யூலை உருவிவிட்டு ரிமோட் ஃபை மாட்யூலைச் செருகுகிறோம். டிஜிட்டலாக வருவதை வீட்டுக்குப் போகும் சிக்னலாக அங்கேயே மாற்றுவது அது. அதே இழையில் இனி 10 கிகாபிட் ஈதர்நெட். வீட்டிலிருந்து மேலே போகும் சிக்னலுக்கு முன்பு 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இடம். அந்த இடத்தை அகலப்படுத்துகிற ஹை ஸ்ப்ளிட் முறையில் 204. வழியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர்களில் கைவைக்காமல் அது முடியாது. ஆகவே இழை விற்பவனை நம்பி இதில் இறங்காதீர்கள். காசு நோடு, ஆம்ப்ளிஃபயர், சாஃப்ட்வேர் பக்கம்தான் போகிறது.

மாதவரம் மணி:
அதனால்தான் ஹார்மோனிக் அண்ணே! மோடங்களையெல்லாம் கட்டி மேய்க்கிற சிஎம்டிஎஸ்ஸை, சாதாரண சர்வரில் ஓடும் சாஃப்ட்வேராக மாற்றினார்கள். காம்காஸ்ட் அதில் ஏறியாச்சு, லேசில் இறங்க முடியாது.

கணக்கு டீச்சர்:
இறங்க வேண்டாம், அடுத்த ஆர்டரைத் தள்ளிப்போட்டால் போதுமே? சார்ட்டர் 2025இல் முடிப்பேன் என்றது. பிறகு 2026 ஆனது, அப்புறம் 2027. அவர்களுக்கு அது வெறும் தாமதம். விற்பவனுக்கோ அந்த வருஷத்து வருமானமே அதுதான். ஹார்மோனிக் ஆண்டறிக்கையில் வாடிக்கையாளர் பகுதியைப் படியுங்கள் மணி, காம்காஸ்ட் ஒன்றையே எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று தெரியும். இதில் இன்னொரு கேபிள் கம்பெனியான காக்ஸை வாங்கப்போவதாக 2025 மே மாதம் சார்ட்டர் அறிவித்தது. வாங்குகிற கைகள் குறைந்தால் விலை சொல்வது யார்?

கம்பத்துக்காரன்:
டீச்சர் சொல்வதற்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் யார்டில் ஆம்ப்ளிஃபயர்கள் அட்டைப்பெட்டி பிரிக்காமல் அடுக்கிக் கிடக்கின்றன.

மாதவரம் மணி:
பெட்டி வந்தாச்சுன்னா விற்றவனுக்குக் காசு வந்தாச்சு. நல்ல செய்திதானே?

கணக்கு டீச்சர்:
அந்தக் காசு போன காலாண்டுக் கணக்கில் ஏறியாச்சு. அடுக்கியது தீரும்வரை அடுத்த ஆர்டர் வராது.

மாதவரம் மணி:
எத்தனை பெட்டி இருக்கும் அண்ணே?

கம்பத்துக்காரன்:
எண்ணலை. ஃபோர்க்லிஃப்ட் திரும்ப இடமில்லை.

மாதவரம் மணி:
திங்கட்கிழமை பாதியை விற்கிறேன். மீதியைப் பற்றி யாரும் கேட்காதீங்க.

பழைய பங்காளி:
நானும் அன்று பாதியைத்தான் விற்றேன்.