சில்வர் பீச் குதிரைக்கு இரண்டாவது தடவை வயிற்றுவலி, எங்கே தப்பு?

தேவனாம்பட்டினத்தான்:
கடலூர் சில்வர் பீச்சில் சவாரிக்கு ஒரு பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன். பெயர் ராணி. மாமா கையிலிருந்து போன வருஷம்தான் எனக்கு வந்தது. ஞாயிறு சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தது. இருட்டினதும் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை. முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. பக்கத்துக்காரர் மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் புகட்டச் சொன்னார். பயந்துபோய்ப் புகட்டாமல் விட்டுவிட்டேன். டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். விடியற்காலை லத்தி (சாணம்) போட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு மாசத்தில் இது இரண்டாவது தடவை. தவிடு, ஊறவைத்த கொள்ளு, புல், எதையும் மாற்றவில்லை.

ஜட்கா வீட்டுப் பிள்ளை, புதுச்சேரி:
புல்லை எதில் போடுகிறீர்கள் தம்பி? அதை மட்டும் சொல்லவில்லையே.

தேவனாம்பட்டினத்தான்:
கட்டுகிற இடத்திலேயே, கீழேதான் அண்ணே. மணல்தான்.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:
அப்போ அதைத்தான் முதலில் பார்க்கணும். புல்லோடு மணலும் போய்க் குடலில் தங்கிவிடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நாளைக்கு மண் படாத லத்தியாக ஆறேழு உருண்டை எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டு நன்றாகக் கரைத்துக் கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றும் நிற்காவிட்டாலும் வயிற்றில் மணல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எண்ணெய் புகட்டாதது பெரிய புண்ணியம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம். எங்க அப்பா ரயிலடியில் ஜட்கா, அதான் குதிரை வண்டி, ஓட்டினவர். வாயில் மாட்டுகிற பையில்தான் கொள்ளு வைப்பார், தரையில் ஒரு பிடி சிந்தினாலும் எனக்குத்தான் திட்டு.

இன்னொன்று, தண்ணீர். சவாரி நேரத்தில் மூத்திரம் போய்விடும் என்று காட்டாமல் வைத்திருக்கிறீர்களா?

தேவனாம்பட்டினத்தான்:
மாமா அப்படித்தான் பழக்கினார். ராத்திரி ஒரு வாளி.

ஜட்கா வீட்டுப் பிள்ளை:
ஒரு வாளி எந்த மூலைக்கு? சும்மா நிற்கிற குதிரைக்கே ஒரு நாளைக்கு 25, 30 லிட்டர் வேணும். வெயிலில் ஓடினால் அதற்கும் மேல். பார்க்கிறவர் பார்க்கட்டும், குடிக்க விடுங்கள்.

கழுதைப்பால்காரர், விருத்தாசலம் பக்கம்:
உங்களுடையது புரண்டாவது காட்டுகிறது தம்பி. கழுதை வலியை வெளியே காட்டாது. தீனியை விட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், நாம் சோம்பல் என்று நினைப்போம். அப்படி ஒன்றை நான் இழந்திருக்கிறேன், பால் கறக்கிற கழுதை.

வக்கீல் குமாஸ்தா:
வேலை நேரத்துக்கும் சட்டம் இருக்கிறது. பாரம் சுமக்கும், வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான 1965 விதிகளில் ஒரு நாளுக்கு 9 மணி நேரம்தான், ஒரே மூச்சில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே வாங்கக் கூடாது. சவாரிக் குதிரைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

தேவனாம்பட்டினத்தான்:
செய்து பார்த்தேன் அண்ணே. ஹார்லிக்ஸ் பாட்டில் அடியில் ஒரு விரற்கடை மணல்! நம்ம பீச் மணலேதான், மினுமினுப்போடு. டாக்டரிடம் காட்டினேன், மணல் வெளியேற இசப்கோல் உமிக்கு அளவு எழுதிக் கொடுத்தார். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துப் புல் வைத்தேன். முதல் நாளே உதைத்துக் கவிழ்த்துவிட்டாள். இப்போது பழைய லாரி டயருக்குள் டிரம்மை இறக்கி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகக் கவிழவில்லை.