இடைத்தலைப்பா, இடையுரையா?

வணக்கம்.

பேசாப் படங்களில் காட்சி நின்று, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருமே, ஆங்கிலத்தில் 'இன்டர்டைட்டில்' (intertitle), அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் 'இடைத்தலைப்பு' என்பதே முடிவாகும் போலிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

போன சனிக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில், 1913-இல் ஜார்ஜ் லோன் டக்கர் இயக்கிய 'டிராஃபிக் இன் சோல்ஸ்' படத்தைப் போட்டோம். நியூயார்க்கில் பெண்களைக் கடத்தி விபசாரத்தில் தள்ளும் கும்பலின் கதை. வேலை வாங்கித் தரும் இடம் என்று போலிப் பலகை மாட்டி, கப்பலில் வந்திறங்கிய ஸ்வீடன் பெண்களை உள்ளே இழுப்பார்கள். முன்வரிசையில் ஒரு பாட்டி, நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், படிக்கத் தெரியாது. எழுத்து வரும்போதெல்லாம் என் சட்டையை இழுத்து, "என்னய்யா சொல்றான்?" என்று கேட்டார். கும்பலின் தலைவனே ஊரறிய ஒழுக்கச் சீர்திருத்தச் சங்கம் நடத்துகிறவன். அதை வாசித்துச் சொன்னதும் "அட பாவி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

பாட்டி கேட்டது 'என்ன சொல்றான்' என்றுதான். அது சொல்லப்படும் உரை. தலைப்பு தலையில் இருப்பது. நடுவில் வருவதை எப்படித் தலைப்பு என்பது?

'இடையெழுத்து' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயரைத் தொல்காப்பியம் ய, ர, ல, வ, ழ, ள ஆறுக்கும் எப்போதோ கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'டைட்டில் கார்டு' என்பதை ஒட்டி 'இடையட்டை' என்றால் இங்கே எடுபடாது. தோட்டத்தில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது, இடை என்றால் இடுப்பு.

'இடையுரை' என்று வைக்கலாம். சிலப்பதிகாரப் பதிகம் அந்தக் காப்பியத்தை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்கிறது. அங்கே பாட்டுக்கு நடுவே உரை, இங்கே படத்துக்கு நடுவே உரை. முன்னுரை, முடிவுரை எழுதும் பள்ளிப் பிள்ளைக்கும் உடனே விளங்கும். பாத்திரம் பேசுவது 'பேச்சிடையுரை', கதையை நகர்த்துவது 'கதையிடையுரை' என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தப் போலிப் பலகை மாதிரி காட்சிக்குள்ளேயே தெரியும் எழுத்தோ, படத்தின் அடியில் ஓடும் வரியோ இதில் சேராது.

அடுத்து லோயிஸ் வெபரின் 1916 படம், கருத்தடையும் கருக்கலைப்பும் பற்றிய 'வேர் ஆர் மை சில்ட்ரன்?'. அதன் இடையுரைகளை இந்த முறை முன்கூட்டியே தமிழில் எழுதி வைக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.