மறு: ‘ஸ்லீப்பிங் மேட்’ - தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான் தமிழ்ச்சொல் கேட்டது, மலையேற்றத்தில் தரையில் விரித்துப் படுக்கும் ‘ஸ்லீப்பிங் மேட்’டுக்கு. மூன்று நாளாகப் பேச்சு, உள்ளே நுழைந்து உறங்கும் ‘ஸ்லீப்பிங் பேக்’ என்ற பையிலேயே நிற்கிறது. டிசம்பரில் உத்தரகண்டின் கேதார்கந்தா மலை (3,800 மீட்டர்) ஏறப்போகும் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

சரி, முதலில் பை. ‘உறங்குபை என்றால் பையா உறங்குகிறது?’ என்று கேட்ட ஐயாவுக்கு: குடிநீரில் நீரா குடிக்கிறது, உண்கலத்தில் கலமா உண்கிறது? பெயரெச்சம் இடத்தையும் கருவியையும் கொண்டு முடியும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ போடாதீர்கள். துயிற்பை அழகுதான், ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை கடையில் போய் அப்படிக் கேட்க மாட்டான்.

இப்போது மேட். வெறும் ‘பாய்’ போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பயணத்தில், நல்ல பை இருக்கிறதே என்று மேட்டை விரிக்காமல் படுத்தேன். நெஞ்சுப் பக்கம் கதகதப்பு. இடுப்பும் தோளும் விறைத்து, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பைக்குள் இருக்கும் தூவி (பறவையின் மென்சிறகு), காற்றைப் பிடித்து வைத்துத்தான் சூட்டைக் காக்கிறது, நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிட்டால் காற்றும் இல்லை காப்பும் இல்லை, உடம்புச் சூடு நேரே தரைக்குப் போய்விடும். அதைத் தடுப்பது மேட். மெல்லிய ஃபோம் மேட்டின் ஆர்-மதிப்பு (சூடு கடப்பதைத் தடுக்கும் திறன்) 2 அளவில் இருக்கும், பனிமேல் படுக்க 5 ஆவது வேண்டும், இரண்டை அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். (ஆர்-மதிப்புக்கு ‘வெப்பத்தடை எண்’. இதை யாரும் மறுக்கவில்லை.)

தூவி என்பது நான் கட்டிய சொல் அல்ல, நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்கு இட்டது அன்னத்தின் தூவிதான். அங்கேயே ‘பாயணை’ இருக்கிறது என்று காட்டிய அம்மாவுக்கு நன்றி, ஆனால் அது கட்டில்மேல் விரித்தது. நமக்குத் தரைதான் பிரச்சினை. தலைக்குத் தலையணை, தரைக்குத் தரையணை. அணை என்றால் தடுப்பதும்தானே, இங்கே குளிரைத் தடுக்கிறது.

இதுவரை தரையணைக்கு ஐந்து பேர், இன்னொரு பரிந்துரையான காப்புப்பாய்க்கு இரண்டு பேர். வேறு கருத்து இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

---

பதில்: ஐயா, இன்று வகுப்பில் ‘தரையணை’ என்று பலகையில் எழுதி என்னவென்று கேட்டேன். ஓடையில் கட்டும் தடுப்பணை என்றார்கள், ஒருவர்கூடப் படுக்கையை நினைக்கவில்லை. காப்புப்பாய் என்றதும் புரிந்தது. அச்சில் எதைப் போட்டாலும் என் வாக்கு காப்புப்பாய்க்கே.