கலைச்சொல் வேண்டல்: ‘கோரல் சிம்பொனி’

உப்புவெளியிலிருந்து

அன்புடையீர், வணக்கம். பீதோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் ஒளிப்பதிவைச் சனிக்கிழமை மாலை எங்கள் பாடசாலை மண்டபத்தில் உயர்தர மாணவர்களுக்குத் திரையிடவுள்ளோம். மும்மொழிக் கையேட்டை வெள்ளி நண்பகலுக்குள் அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. 1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேறிய இவ்வாக்கத்தின் முதல் மூன்று பகுதிகளும் கருவிகளுக்கே உரியன. நான்காம் பகுதியிலேதான் நான்கு தனிக்குரல்களும் பெருங்குழுவொன்றும் புகுந்து, மாந்தர் யாவரும் உடன்பிறந்தோர் ஆவர் என்னும் ஜெர்மானியக் கவிஞர் சில்லரின் கவிதையைப் பாடுகின்றன. இவ்வகையைக் ‘கோரல் சிம்பொனி’ என்பர்; அதற்கொரு தமிழ்ச்சொல் வேண்டும். ‘இசைக்குழு’ என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது; திருவிழா இரவில் சினிமாப் பாடல் பாட வருவோரையே நம் ஊரார் அச்சொல்லால் அறிவர்.

உவர்மலையிலிருந்து

சொல் நம்மிடம் சங்க காலந்தொட்டு இருக்கிறது. புறநானூற்று 281ஆம் பாடலில், புண்பட்ட வீரனைக் காக்கும் பெண்கள் மனையில் இரவந்தழையும் வேம்பும் செருகி, ‘வாங்குமருப்பு யாழொடு பல்லியம் கறங்க’ இருக்கின்றனர். இயம் என்பது இசைக்கருவி. பல் இயம் சேர்ந்தது பல்லியம். இன்னும் சில அடிகள் சென்றால் அவர்கள் மணி எறிந்து காஞ்சிப் பண் பாடுவதையும் காணலாம். கருவியும் குரலும் ஒரே மனையில் ஒலித்திருக்க, நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? பாடகர் குழாம் சேர்ந்த பல்லியம் ‘குழாப்பல்லியம்’. மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்தது. ‘அடியார்கள் குழாங்களை உடன்கூடுவ தென்கொலோ’ என்று நம்மாழ்வார் ஏங்கிய அந்தக் குழாம்தான் இதுவும். கையேட்டின் முகப்பில் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற அடியையும் இட்டால் பொருள் முழுமை பெறும்.

பாலையூற்றிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா, கோவிற் பாடகர் குழாத்தில் முப்பது ஆண்டுகள் பாடியவள் என்ற முறையில் ‘குழாம்’ என்ற சொல்லுக்கு நான் எதிரியல்லள். ஆயினும் ‘குழாப்பல்லியம்’ அச்சுக்குப் போனால் ‘குழப்பல்லியம்’ ஆகித் திரும்பும் என்று பந்தயம் கட்டுவேன். ‘பல்லியம்’ என்றதும் பின்வரிசைப் பையன்கள் சுவரிலே பல்லியைத் தேடுவார்கள்.

முகப்பு அடி குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கணியன் பூங்குன்றனாரின் அடியில் வினையே இல்லை; யாவரும் கேளிர், அவ்வளவுதான், அது முடிந்த உண்மை. சில்லரோ ‘ஆவர்’ என்கிறார். அதுவும் மகிழ்ச்சியின் மென்சிறகு தங்குமிடத்திலே ஆவர் என்கிறார். ஒன்று கண்டு சொன்னது, மற்றது வேண்டி நிற்பது. இரண்டையும் ஒன்றென்று முகப்பில் அச்சிட்டால் இருவருக்கும் குறை செய்தவர்களாவோம்.

மூதூரிலிருந்து

நான் பௌதிகம் கற்பிப்பவன். இலக்கணம் பேசினால் பொறுத்தருள்க. ‘குரலியம்’ என்ற ஒரு சொல்லை நேற்று இரவு நானே ஆக்கி, காலையில் நானே கைவிட்டேன். பெண்ணியம், மார்க்சியம் என்று பழகிய மாணவனுக்கு ‘இயம்’ என்பது இப்போது கருவியன்று, கோட்பாடு. அவன் குரலியத்தை ஒரு கட்சி என்றே நினைப்பான். அதற்குமேல், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழிசையில் குரல் முதற்சுரத்தின் பெயருமாகும். ஒருகாலத்தில் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள் 1947இல் பண்டைத் தமிழிசை ஆய்வான ‘யாழ் நூலை’ அரங்கேற்றியபின் அதை மறக்க நமக்கு உரிமையில்லை.

எனக்குப் பெருங்குழுவைவிட அதற்கு முன் நிகழ்வதே முக்கியமாகப் படுகிறது. நான்காம் பகுதியில் அந்த மெட்டைத் தாழ்சுர வில்வாத்தியங்களான செலோக்களும் டபுள் பாஸ்களும் எந்தத் துணையுமின்றி, மூச்சடக்கினால் மட்டுமே கேட்கும் மெல்லொலியில் தொடங்குகின்றன. பின் வயோலாக்கள், பின் வயலின்கள், அதன் பின் எல்லாம். எங்கள் ஆய்வுகூடத்தில் அதிரும் இசைக்கவையின் காம்பை, கம்பி இழுத்துக் கட்டிய சுரமானிப் பலகையில் ஊன்றினால், கம்பியின் நீளம் சரியாக அமைந்த கணத்தில், விரல் படாமலே அது அதிர்ந்து, மேலிருக்கும் கடதாசித் துண்டு துள்ளி விழும். இந்தியாவில் ஒத்ததிர்வு என்கிறார்கள். நம் பாடநூலில் அதற்குப் பெயர் ‘பரிவு’. மனித குலத்தின் உறவைப் பாடும் ஆக்கத்துக்குப் ‘பரிவிசை’ என்பதைவிடப் பொருத்தமானது உண்டா?

உவர்மலையிலிருந்து

அழகான சொல், தம்பி. ஆனால் அது அந்த ஒரே ஆக்கத்தின் பெயராகலாமேயன்றி வகையின் பெயராகாது. நாளை வேறொருவர் போரைப் பற்றிக் கோரல் சிம்பொனி எழுதினால் அதையும் பரிவிசை என்பீரோ?

உப்புவெளியிலிருந்து

வெள்ளி காலை பத்து மணி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். பல குரல்கள் கூடிப் பாடுவதற்குத் தமிழகத்தில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் காலத்திலிருந்து ‘சேர்ந்திசை’ வழங்கி வருகிறது. 2025 மார்ச்சில் இளையராஜாவின் ஆக்கம் இலண்டனில் அரங்கேறியபின் ‘சிம்பொனி’ என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. எனவே ‘சேர்ந்திசைச் சிம்பொனி’ என்று இடுகிறேன். மறுமொழி எழுதியவர்களுள் பெரும்பான்மையோர் உடன்பட்டனர். உடன்பட்டனர் என்பதைவிடக் களைத்தனர் என்பதே சரி. முகப்பில் சில்லரின் அடி மட்டும் இருக்கும். ‘பரிவு’ என்ற சொல்லை, செலோக்கள் தொடங்கும் இடத்தை விளக்கும் பத்தியில் சேர்த்துவிட்டேன். மூதூர் ஆசிரியர் சனிக்கிழமை சுரமானியையும் கொண்டுவர வேண்டும்.

உவர்மலையிலிருந்து

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்க. பாதி தமிழும் பாதி கிரேக்கமுமான தொடர் இது. மேலும் பிறமொழிச் சொல்லின் முன் ‘ச்’ மிகுவதற்கு விதி எங்கே?

உப்புவெளியிலிருந்து

‘ச்’ மிகுந்தபடியே கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது, ஐயா.